கடைசி மணிக்குப் பிறகு

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒரு பிள்ளை விடுதிக்குப் போகிறது என்றால், அதன் வகுப்பறை மட்டும் மாறுவதில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு மிச்சமிருக்கும் பதினேழு மணி நேரமும் கை மாறுகிறது. அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு?

மரக்காணத்தில் உப்புக்கு வருஷம் ஒன்பது மாதம்தான். தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சுவார்கள். வெயில் ஏற ஏற விளைச்சல் ஏறும். சித்திரையிலும் வைகாசியிலும் வாரி மாளாது. புரட்டாசி கழிந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி, வரப்பு எல்லாம் முங்கி அளம் முழுக்க ஒரே ஏரியாகிவிடும். மறுபடியும் தை வரும்வரை அங்கே வேலை கிடையாது. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பேர்போன ஊர்களைச் சொல்லும்போது அடுத்து வாயில் வருவது மரக்காணம். ஏறக்குறைய 3,500 ஏக்கர் பரப்பு. அதை நம்பியிருக்கும் குடும்பங்களின் கூலியும் மழையோடு நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்தின் வருஷம் வேறு. ஜூனில் திறந்து ஏப்ரலில் முடிகிறது. இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து பாடம் மும்முரமாக ஓடும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் வீட்டில் அடுப்பு தயங்கித் தயங்கி எரிகிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் கோடை விடுமுறையில் உப்பு உச்சத்தில் விளைகிறது. அப்போது வெயிலுக்கு முந்திக்கொள்ள, இருட்டோடு இருட்டாக அப்பாவும் அம்மாவும் அளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் வீட்டில் ஆள் இருக்கிறது, காசு இல்லை. வெயில்காலத்தில் காசு வருகிறது, ஆள் இல்லை.

இந்தக் கரையில் விடுதி என்ற பேச்சு தொடங்குவது இந்தக் கணக்கில்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் ஒழுக்கம், ஆங்கிலம், தன்னம்பிக்கை என்று காரணங்களை அடுக்குவார்கள். உப்பளத் தொழிலாளிக்கு அவ்வளவு காரணங்கள் தேவையில்லை. இரவுச் சோறு, எரிகிற விளக்கு, மழைத்தண்ணீர் ஏறாத தரை. இவை மூன்றும் இருந்தால் பிள்ளை படித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால், மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 55 ரூபாய்கூட வராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதே, அந்த மாதிரி வருஷங்களில் அளத்தோடு வீடும் தண்ணீரில் நிற்கும். பள்ளிக்கூடம் பிள்ளையின் பசியை ஓரளவு பார்த்துக்கொள்கிறது. மதிய உணவு காமராஜர் காலத்திலிருந்து இருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவும் வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் எந்தப் பள்ளிக்கூடமும் பொறுப்பில்லை. அதற்கு விடுதி ஒன்றுதான் வழி.

ஆறு நாழி நெல்

படிக்கிற பிள்ளைக்குத் தங்க இடமும் தின்னச் சோறும் வேண்டும் என்று இந்த வட்டாரம் கண்டுகொண்டு ஆயிரம் ஆண்டு ஆகிறது. மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே நடந்த கல்லூரியின் வரவுசெலவை அப்படியே சொல்கிறது. மொத்தம் 340 மாணவர்கள். ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75 என்று தொடங்கி, ரூபாவதாரம் என்ற இலக்கண நூல் படிக்க 40 என்பதுவரை இளைய மாணவர்கள் 270 பேர். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படிக்கும் மூத்தவர்கள் 70 பேர். இளையவருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்குக் குருணி இருநாழி, அதாவது பத்து நாழி. இதற்கென்றே நிலமும் ஒதுக்கியிருந்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் திரிபுவனையிலும் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட இன்னொரு கல்லூரி 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வருகிறது.

பாடத்திட்டத்தோடு படியரிசிக் கணக்கையும் சேர்த்தே கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்கிற பையன் எவ்வளவு தின்பான், பெரியவன் எவ்வளவு தின்பான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆனால், வேதம் படிக்க உரிமையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்த யோசனை. நிலத்தை உழுதவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளிலும் சோழர் காலத்து உப்பளங்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. அளத்தில் உப்பு வாரியவரின் பிள்ளை எங்கே படித்தது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

விடுதிச் சோற்றை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். கொடுப்பவர்தான் யார் உள்ளே வரலாம் என்பதையும் தீர்மானிப்பார். சோழர் காலத்துக்குப் பிறகும் இது மாறவில்லை.

திண்டிவனத்தில் தங்கிப் படித்த முனுசாமி

அடுத்து இந்தக் கரைக்கு விடுதிகளைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகள். யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் செய்த ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-ல் அமெரிக்கன் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். தகப்பனார் ஊழியம் செய்த யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823-ல் வட்டுக்கோட்டை செமினரியையும், 1824-ல் உடுவிலில் பெண்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியையும் தொடங்கியிருந்தது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்றாக உடுவிலைச் சொல்வார்கள். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்தால்தான் பாடமும் பதியும், வேதமும் பதியும் என்பது அந்த மிஷனரிகளின் கணக்கு. அதே முறை திண்டிவனத்துக்கும் வந்தது.

ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-ல் பிறந்த முனுசாமி என்ற சிறுவன் அப்படித்தான் திண்டிவனம் மிஷன் பள்ளிக்கு வந்தான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். வேறெந்தப் பள்ளி அவனைத் திண்ணையில்கூட உட்காரவிட்டிருக்கும்? இங்கே தங்க இடம், சாப்பாடு, பாடம் எல்லாம் கிடைத்தன. படிப்பில் சூட்டிகை. ஆனால், மதம் மாற மறுத்துவிட்டான். அதனால் படிப்பைத் தொடர முடியவில்லை, அதுவரை ஆன விடுதிச் செலவையும் திருப்பிக் கேட்டார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிழைப்புத் தேடிக் குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்த முனுசாமிதான் பிற்பாடு சுவாமி சகஜானந்தர். 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தங்கிப் படிக்க அங்கே வழி செய்தார். 1959-ல் மறையும்வரை, சட்டமன்றத்துக்குள்ளும் வெளியிலும் அவருக்கு அதுவே வேலை.

அன்றைய தென்னாற்காடு மாவட்டம் திண்டிவனம், மரக்காணத்திலிருந்து சிதம்பரம்வரை நீண்டு கிடந்தது. அந்தப் பரப்பில் ஒரு தலைமுறை ஆதிதிராவிடப் பிள்ளைகள் வெளியூரில் தங்கிப் படிக்கப் போன வழி அவர் போட்டது. மிஷன்மீது பழி சொல்வது எளிது. அந்தப் பிள்ளையை முதலில் உள்ளே அழைத்ததும் அதே மிஷன்தான் என்பதை மறக்கக் கூடாது. சோற்றுக்கு விலையாக மனசாட்சியைக் கேட்காத ஒரு விடுதி வேண்டும் என்று சகஜானந்தர் நினைத்தார். அதற்குப் பணம் திரட்ட ஆயுள் முழுக்க அலைந்தார். அவர் ஒருவராகச் சுமந்ததை இன்று அரசு சுமக்கிறது.

வேளைக்குப் பதினைந்தரை ரூபாய்

தமிழ்நாட்டு அரசின் நலத்துறை விடுதிகள் ஏறத்தாழ 2,700. அவற்றில் தங்கிப் படிப்பவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் என்று துறைக்கொரு பலகையாக இருந்தவை. 2025 ஜூலையில் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயர் வைத்தார்கள். தெருவில் போகிறவர் பலகையைப் பார்த்தே உள்ளே இருக்கும் பிள்ளையின் சாதியைத் தெரிந்துகொள்ளும் நிலை அதோடு முடிந்தது. அது சின்ன விஷயமில்லை.

பலகை மாறினாலும் உள்ளே நிர்வாகம் துறைவாரியாகத்தான் நடக்கிறது. மரக்காணத்தில் ஒரே பாத்தியில் உப்பு வாரும் இரண்டு பேரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். விடுதிக்குப் போகும்போது சாதிச் சான்றிதழ் அவர்களை இரண்டு வாசலுக்குப் பிரித்துவிடும். பிற பிரிவினருக்கென்று சில இடங்கள் உண்டு என்றாலும் பெரும்பான்மை இடங்கள் அந்தந்தத் துறையின் பிள்ளைகளுக்கே. சான்றிதழே இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். திண்டிவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபா கல்விமணி நிறுவிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் விஷயங்களில் ஒன்று இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தருவது. செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் குடும்பமாகப் புறப்படுகிறவர்கள் அவர்கள். விடுதி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் அதில் சேரும் காகிதம் இல்லை.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தது எட்டு கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இந்த விதி கிடையாது. வீடு பக்கத்திலேயே இருந்தாலும் ஒரு பெண் பிள்ளைக்கு மாலை நேரம் தன் கையில் இருக்காது என்பதை விதி எழுதியவர் யாரோ புரிந்துவைத்திருக்கிறார். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, அம்மா அளத்திலிருந்து திரும்புமுன் உலை வைப்பது என்று அந்த நேரம் கரைந்துவிடும். உப்பளக் கரையில் பையனுக்கும் இதே கதை உண்டு. எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பையனின் வீட்டில் மழைக்காலத்தில் என்ன வேகிறது என்று மட்டும் எந்த விதியும் அளப்பதில்லை.

இனி சோற்றுக் கணக்குக்கு வருவோம். பள்ளி விடுதி மாணவருக்கு மாத உணவுப் படி 1,000 ரூபாயாக இருந்தது. 2023-ல் அதை 1,400 ஆக்கினார்கள். கல்லூரி மாணவருக்கு 1,100 என்பது 1,500 ஆனது. பள்ளி மாணவருக்கு நாற்பது சதவீத உயர்வு என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட இல்லை. மூன்று வேளைக்கும் பிரித்தால் வேளைக்குப் பதினைந்தரை ரூபாய். மரக்காணம் பேருந்து நிலையத்தில் அந்தக் காசுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிவிட்டு மிச்சம் கேட்க முடியாது. பதினான்கு வயதுப் பையனுக்குக் குழம்பு, காய், முட்டை, எண்ணெய், கேஸ் எல்லாவற்றுக்கும் இந்தத் தொகையில் வழி காணச் சொன்னால், சமையலரும் காப்பாளரும் என்ன வித்தை செய்வார்கள்? குழம்பு தண்ணீராக இருந்தால் சமையல்காரரைத் திட்டிவிட்டுப் போகிறோம். தண்ணீர் ஊற்றச் சொன்னது அந்தப் பதினைந்தரை ரூபாய்.

மலைமேல் என்ன வாங்குகிறார்கள்?

உதகைக்குப் பக்கத்தில் இருக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கியபோது பணக்காரர் பள்ளி அல்ல. சர் ஹென்றி லாரன்ஸின் எண்ணப்படி, இந்தியாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏற்பட்ட புகலிடம். தகப்பன் செத்துவிட்டான், பிள்ளைக்குச் சோறு போட ஆளில்லை என்ற நிலையில் வந்தவர்கள்தான் முதல் மாணவர்கள். நூற்றுச் சொச்சம் வருஷத்தில் அதே வளாகம் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிறவர்களின் பள்ளியாகிவிட்டது.

அந்தக் கட்டணத்துக்குப் பெற்றோர் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணக்கும் அறிவியலும் ஊர்ப் பள்ளியிலேயே கிடைக்கும். பாடப் புத்தகமும் பெரிதாக வேறல்ல. அவர்கள் வாங்குவது கடைசி மணிக்குப் பிறகான நேரத்தை. மாலையில் விளையாட்டு, பிறகு குளியல், மேற்பார்வையோடு படிப்பு, நூலகம், இசை, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஒரு செவிலி, ராத்திரி அதே கட்டடத்தில் தூங்கும் ஓர் ஆசிரியர். இவ்வளவும் பள்ளியின் பாகம். வகுப்பில் பாடம் நடத்தியவரே மாலையில் மைதானத்தில் நிற்கிறார். பையன் ஏன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நம் அரசு விடுதியில் இந்தக் கண்ணி அறுந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் கல்வித்துறைக்குச் சொந்தம், விடுதி நலத்துறைக்குச் சொந்தம். காலையில் பிள்ளை ஒரு துறையிலிருந்து கிளம்பி இன்னொரு துறைக்குப் போகிறது, மாலையில் திரும்பி வருகிறது. கணக்கில் ஏன் தோற்றது என்று காப்பாளருக்குத் தெரியாது. ஏன் தூங்கி வழிகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச ஏற்பாடே இல்லை.

பள்ளியும் விடுதியும் ஒன்றாக இருக்கும் அரசு நிறுவனங்களும் இருக்கின்றன. படிப்பில் பின்தங்கிய ஒன்றியங்களில் பெண் பிள்ளைகளுக்காக 2004-ல் மத்திய அரசு தொடங்கிய கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா ஒரு வகை. 2021-22 முதல் தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் வந்த மாதிரிப் பள்ளிகள் இன்னொரு வகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தங்கிப் படிக்கும் இந்தப் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐஐடி, என்ஐடி போன்ற இடங்களுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். கூலி வீட்டுப் பிள்ளைக்கு மாலை நேரத்தை ஒழுங்காகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும். ஆனால், தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குத்தான் அந்த இடம். சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கும் ராத்திரி பசிக்கும்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ் ஏறினால், ஊருக்குள் நுழையுமுன்பே காலாப்பட்டு வரும். அங்கே ஜவஹர் நவோதயா வித்யாலயா இருக்கிறது. 1986-ல் தொடங்கி நாடெங்கும் கிராமப் பிள்ளைகளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இலவசமாகத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளி. மும்மொழிக் கொள்கையைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மொழி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் அச்சம் சரித்திரம் தந்தது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால், அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் நவோதயாவில் இடம். புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளை எழுதும் நுழைவுத் தேர்வை, இந்தப் பக்கம் இருக்கும் உப்பளத்துப் பிள்ளை எழுத முடியாது. மறுப்பதற்கு உரிமை இருக்கிறது. மறுத்தவர்கள் அதற்கு ஈடாக மாவட்டத்துக்கு ஒன்றல்ல, ஒன்றியத்துக்கு ஒன்றாவது தரமான விடுதிப் பள்ளியைக் கட்டியிருக்க வேண்டாமா?

அதிகாலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை

கடைசி மணிக்குப் பிறகான நேரத்தை வேறு விதமாக விற்கும் கடையும் தமிழ்நாட்டில் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண்ணுக்கென்றே கிளைத்த தனியார் விடுதிப் பள்ளிகள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பத்து மணிவரை படிக்கவைப்பார்கள். ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். நிலத்தை அடகு வைத்தும் அங்கே சேர்க்கிற பெற்றோர் உண்டு. அங்கே விழித்திருக்கும் பதினேழு மணி நேரமும் பாடத்துக்குள் கரைந்துவிடும். விளையாட, சும்மா இருக்க, சண்டை போட்டுச் சமாதானமாக, வீட்டை நினைத்து அழ நேரமில்லை.

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூரில் தனியார் விடுதிப் பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். சில நாளில் பள்ளி வளாகத்துக்குத் தீவைக்கப்பட்டது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த பகுதி அது. அந்தப் பள்ளியின் விடுதி உரிய பதிவு இல்லாமல் நடந்தது என்று மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத் தரப்பில் அப்போது சொன்னார்கள். இத்தனைக்கும் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்து உரிமம் பெறவேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. எத்தனையோ பெற்றோர் தேர்ச்சி விகிதத்தைக் கேட்டுச் சேர்த்திருப்பார்கள். விடுதிக்கு உரிமம் உண்டா என்று எத்தனை பேர் கேட்டோம்?

சேர்க்குமுன் கேட்க வேண்டியவை

• விடுதிக்குத் தனியாக உரிமம் இருக்கிறதா? பள்ளிக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது.

• ராத்திரி பிள்ளைகளோடு தங்குபவர் யார்? பெண்கள் விடுதியில் பெண் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா?

• காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, யார் கூட்டிப்போவார்கள்? வீட்டுக்கு எப்போது சொல்வார்கள்?

• பிள்ளை நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் பேச முடியுமா?

• மாலையில் விளையாட எவ்வளவு நேரம்?

• குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர் உதவி எண் 14417 இரண்டும் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா?

ஊரை விட்டுப் போகிற பிள்ளை

விடுதியைப் பற்றி நல்லதாகப் பேசும்போது உலகம் கற்ற ஒரு பாடத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கனடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990-கள் வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. திரும்பி வராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். 2008-ல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிள்ளையின் நல்லதற்காக என்று சொல்லிக்கொண்டே வீட்டையும் மொழியையும் சொந்தத்தையும் அறுத்த விடுதிகள் அவை.

நம் விடுதிகள் அப்படியல்ல. பிள்ளையை யாரும் பறித்துப்போவதில்லை, பெற்றோரே கொண்டுவந்து விடுகிறார்கள். திண்டிவனமும் புதுச்சேரியும் மரக்காணத்திலிருந்து ஒரு பஸ் தூரம். ஆனாலும் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. பக்கத்துக் கழுவெளிச் சதுப்பு நிலத்துக்கு எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் மழை இறங்கும், பாத்தித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே உப்பு எப்போது விளையும் என்று சொல்வது எப்படி, இதெல்லாம் மாலை நேரத்தில் பெரியவர் பின்னால் சுற்றித் தெரிந்துகொள்கிற விஷயங்கள். அந்த நேரத்தைத்தான் விடுதி எடுத்துக்கொள்கிறது. 2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த நீரையும் பறவையையும் பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை, விடுதியில் சுற்றுச்சூழல் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

இதைச் சொன்னால் உப்பளத்து அம்மா ஒருத்தி நம்மை முறைப்பாள். அளத்து வேலையைப் பிள்ளை கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தானே அவள் விடுதியில் விட்டாள். உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த காலும், வெள்ளை வெயிலில் கூசிப்போன கண்ணும் அவளுக்குத் தெரியும். அவள் விருப்பத்துக்கு மேல் நம் ஏக்கத்தை வைக்க நமக்கு உரிமையில்லை. செய்யக்கூடியது வேறு. வாரக்கடைசியில் வீட்டுக்குப் போய்வர வழி செய்யலாம். பேசத் தொலைபேசி கொடுக்கலாம். பெற்றோர் வந்தால் வாசலில் நிறுத்தாமல் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம். பிள்ளை வீட்டை மறக்காமலே வீட்டின் தொழிலை விட்டுவிட முடியும்.

மே மாதத்தில் பூட்டு

எல்லாவற்றுக்கும் மேல், உப்பளக் கரையின் பிள்ளைக்குக் கிடைக்கும் விடுதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்தே விடுதி திறக்கிறது, மூடுகிறது. மழைமாதங்களில் சோறு போட்டு, விளக்குப் போட்டுப் பார்த்துக்கொள்கிறது. ஏப்ரல் கடைசியில் பூட்டிவிடுகிறது. அப்போதுதான் அளத்தில் உப்பு மலைமலையாகக் குவிகிறது, ஆள் தேவை உச்சத்தில் இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் கூடை தலையில் ஏறாமல் இருக்குமா? அந்தக் கோடையில் கையில் கூலி பார்த்த பையன் ஜூனில் திரும்பி வராமல் போகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பள்ளி நாட்களெல்லாம் செலவு செய்து காத்த பிள்ளையை, கோடை விடுமுறையில் கைவிட்டுவிடுகிறோம்.

இதை மாற்றப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளப் பகுதிப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளைக் கோடையிலும் திறந்து வைக்கலாம். நீச்சல், விளையாட்டு, வாசிப்பு, அடுத்த வகுப்புக்கான ஆயத்தம் என்று அந்த விடுமுறையை நிரப்பலாம். வர விருப்பமுள்ள பிள்ளை வரட்டும். உணவுப் படியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை அறிவிப்பாக உயர்த்தாமல், அகவிலைப்படியைப் போல் விலைவாசியோடு தானாக ஏறும்படி செய்யலாம். விடுதிக் காப்பாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் மாதம் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும் என்று விதிக்கலாம். ராத்திரி விடுதியில் பொறுப்பான ஓர் ஆள் தூங்குகிறாரா என்பதை ஆய்வுப் படிவத்தின் முதல் கேள்வியாக வைக்கலாம். ஒரே ஊரின் பிள்ளைகள் எந்தத் துறையின் விடுதியில் இடம் இருந்தாலும் சேரலாம் என்று ஆக்கினால், 2025-ல் மாற்றிய பெயருக்கும் அர்த்தம் வரும்.

மாநிலத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை வகுப்பறைகள், எத்தனை சதவீதத் தேர்ச்சி என்பதை அரசு ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது விழுப்புரம் மாவட்டம் 72-ல் நின்றது. அந்த எட்டு சதவீத இடைவெளியைப் பகல் நேரப் பள்ளிக்கூடம் மட்டும் அடைத்துவிடும் என்று இத்தனை காலம் நம்பியாயிற்று. சத்துணவும் சைக்கிளும் புத்தகமும் கொடுத்துப் பகலைப் பெருமளவு சீர்செய்துவிட்டோம். மிச்சம் இருப்பது மாலையும் இரவும் கோடையும். மேலே சொன்ன எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, அரசாணை போதும். வருகிற மே மாதத்துக்கு முன் அதைப் போட்டுவிட முடியும்.